களத்துமேட்டில் காத்திருந்த நெல்

கீழ்பென்னாத்தூரிலிருந்து செஞ்சிக்குச் செல்லும் சாலையில், அறுவடை நாட்களில் ஒரு காட்சி. தார்ச்சாலையின் ஒரு பாதியில் பேருந்தும் சரக்குந்தும் பறக்கின்றன. மறு பாதியில் நெல் படுத்துக் கிடக்கிறது. சக்கரம் ஏறிவிடாதிருக்க ஓரத்தில் கருங்கற்களை வரிசையாக அடுக்கியிருக்கிறார்கள். மூதாட்டி ஒருத்தி வெறுங்காலால் நெல்லைத் துழாவித் துழாவி நடக்கிறாள் — மேலே உச்சி வெயில், கீழே உருகும் தார். மாலையில் கூட்டிக் குவிக்கிறார்கள். இரவு வந்ததும் தார்ப்பாயை நெல்லின்மீது போர்த்திவிட்டு, பக்கத்திலேயே படுக்கிறான் மகன். நெல்லுக்காவது போர்வை உண்டு. காவல் காப்பவனுக்கு அதுவும் இல்லை!

காரில் போகும் கனவான் கடிந்துகொள்கிறார்: "நாகரிகமற்ற மக்கள்! நெடுஞ்சாலையைக் களமாக்கிவிட்டார்கள்!" மலை வலம் வரப் போகும் பக்தர் பரிவோடு பேசுகிறார்: "பாவம், அண்ணாமலையான் அளந்தது அவ்வளவுதான்!" முன்னவர் பழியை உழவன் தலையிலே வைக்கிறார், பின்னவர் ஆண்டவன் தலையிலே வைக்கிறார். இருவருமே கேட்க மறந்த கேள்வி ஒன்றுண்டு. உழவனுடைய களம் எங்கே போயிற்று? அவனுக்கென்று ஒரு களஞ்சியம் என்றைக்காவது இருந்ததா?

விடை தேடி நாம் வெகுதொலைவு போகவேண்டியதில்லை, தோழர்களே! அதே சாலையில் கிழக்கே சென்றால் செஞ்சிக் கோட்டை நிற்கிறது. 2025 ஜூலையில், மராத்தியர் காலப் போர்க் கோட்டைகள் பன்னிரண்டனுள் ஒன்றாக உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்ற கோட்டை. இராசகிரியின் அடிவாரத்தில், கல்யாண மகாலைக் கண்டு வியந்து திரும்புவோர் பலர், அருகிலே நிற்கும் நெற்களஞ்சியத்தை நின்று பார்ப்பதில்லை. தடித்த சுவர், வளைவுக் கூரை, உள்ளே நுழைந்தால் உச்சிப்பொழுதிலும் குளிர்ச்சி. 1714இல் களத்தில் வீழ்ந்த தேசிங்குராசனுக்குக் கதைப்பாட்டு உண்டு, குதிரைக்கும் உண்டு. களஞ்சியத்தைப் பாடினவர் எவருமில்லை. ஆனால், 1690இல் சுல்பிகர்கானின் படை முற்றுகையிட்ட அந்தக் கோட்டை, தளர்ந்தும் இறுகியும் நடந்த அந்த முற்றுகைக்கு 1698வரை பிடிகொடுக்கவில்லை. மதிலும் மலையும் மட்டுமா காத்தன? மதிலுக்குள்ளிருந்த தானியமும் காத்தது.

கோட்டையில் மட்டுமல்ல, கோயிலிலும் அந்தக் கலை இருந்தது. பாபநாசத்தை அடுத்த திருப்பாலைத்துறையில் தஞ்சை நாயக்கர் காலச் செங்கற் களஞ்சியம் இன்றும் நிற்கிறது. மூவாயிரம் கலம் நெல் கொள்ளும் என்பர். திருவரங்கத்துக் கோயிலின் கொட்டாரங்கள் மற்றொரு சான்று. அளவையிலோ, அணுவும் பிசகாத கண்டிப்பு! தஞ்சைப் பெரிய கோயிலுக்கு ஊர்கள் கொண்டுவந்து அளக்கவேண்டிய நெல்லை எந்த மரக்காலால் அளப்பது என்பதையும் இராசராசன் கல்லில் வெட்டிவைத்தான் — 'ஆடவல்லான்' என்னும் மரக்கால். ஆனால், அளவை தொடங்குவது கோயில் வாசலில். வயலிலிருந்து அந்த வாசல்வரை எவ்வளவு சிந்திற்று, எவ்வளவு நனைந்து முளைத்தது, எவ்வளவு எலிக்குப் போயிற்று என்று எந்தக் கல்லும் பேசவில்லை. அது உழவன் கணக்கு. உழவனுக்கு ஏது கல்வெட்டு?

நெல்லைக் கெடாமல் காக்கும் கலை தமிழனுக்குத் தெரியாது என்று எவரும் சொல்லவேண்டாம். தெரிந்திருந்தது, ஆனால் அதன் செங்கலும் சுண்ணாம்பும் அரண்மனைக்கும் ஆலயத்திற்குமே போய்ச் சேர்ந்தன. உழவன் வீட்டிலே மண் குதிர், மூங்கிலைப் பின்னிச் சாணமும் மண்ணும் பூசிய தொம்பை, அடுக்குப்பானை — அவ்வளவே. அந்தச் சிறிய கலங்களில் நம் தாய்மார் காட்டிய அறிவு பெரிது. தானியத்துக்குள் வேப்பிலையும் நொச்சியிலையும் வைத்தார்கள். துவரைக்குச் செம்மண் கட்டிக் காயவைத்தார்கள். பழமை என்பதாலேயே போற்றுவதும், பழமை என்பதாலேயே தூற்றுவதும் பகுத்தறிவாகாது. வேம்பை 1962இல் தில்லி வேளாண் ஆய்வு நிலையத்தார் வெட்டுக்கிளியிடம் சோதித்தனர். வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்த பயிரை அது தின்ன மறுத்தது. சோதனையில் நின்றது, ஏற்கிறோம்.

சோதனையில் நில்லாதவையும் களத்துமேட்டில் உண்டு. களத்து மூலையில் சாணிப் பிள்ளையார். பொலி அளக்க நல்லநேரம். முதல் மரக்காலை 'ஒன்று' என்னாமல் 'லாபம்' என்று எண்ணும் வழக்கம். 'லாபம்' என்று எண்ணத் தொடங்கிய எத்தனை களத்தில் இலாபம் தங்கிற்று? வானம் கறுத்து நிற்கையில், இராகுகாலம் கழியட்டும் என்று பொலியைத் திறந்து போட்டுவைத்தால், மழை பஞ்சாங்கம் பார்த்தா பொழிகிறது? அதைவிட வேடிக்கை, எலியின் பெருமை. பிள்ளையாரின் வாகனமாம்! தேங்காய் உடைபடுவது எசமானருக்கு. தின்று தீர்ப்பது வாகனம். வாகனம் தின்ற கணக்கைப் பின்னர் காட்டுவோம்.

எனினும், எல்லாப் பழியையும் மூடநம்பிக்கையின்மீதே ஏற்றிவிட்டால் வரலாற்றுக்கு நாம் வஞ்சகம் செய்தவராவோம். மூடநம்பிக்கையினும் கொடிதாக நெல்லை அழித்தது ஒன்றுண்டு. அதன் பெயர் காத்திருப்பு.

ஆர்க்காட்டு நவாபின் ஆட்சியிலே, அமானி என்னும் பங்குமுறை நிலவிய ஊர்களை எண்ணிப் பாருங்கள். விளைச்சலில் அரசின் பங்கை நெல்லாகவே பிரித்தெடுக்கும் முறை. அறுக்கவும் அனுமதி வேண்டும், அடிக்கவும் அனுமதி வேண்டும். தூற்றிக் குவித்த அம்பாரத்தின்மீது குறியிட்டு வைப்பர். குறி கலைந்தால் திருட்டு! அளப்பவர் வந்து, கணக்கர் வந்து, பங்கு பிரித்து முடியும்வரை தன் வியர்வையில் விளைந்த பொலியில் கைவைக்க உழவனுக்கு உரிமையில்லை. அவர்கள் வரும்வரை பனி வரும், மழை வரும், பறவை வரும், எலி வரும். அவற்றுக்கு அனுமதி தேவையில்லை. கெட்டது போக மிஞ்சியதில் அரசின் பங்கு முதலில். அதன்பிறகு ஊர்ப் பெரியவர்களின் பங்கு. களத்திலே மாடு ஓட்டி, கதிர் அடித்து, முறம் பிடித்துப் புடைத்த சேரி மக்களுக்கோ கடைசியில் கருக்காயும் களத்துமண் கலந்த கூட்டலும். கெட்டது எப்போதும் கீழே இறங்கும். நல்லது மேலே ஏறும் — சாதி அடுக்கு தானியத்தையும் தரம் பிரித்த வகை இது!

1801இல் கும்பினியார் கருநாடகத்தைக் கைப்பற்றினர். பின்னர் இரயத்துவாரி முறை வேரூன்றியதும், நெல்லாகக் கொடுத்தது போய்ப் பணமாகக் கொடுப்பது வந்தது. அம்பாரம் அளப்பவருக்காகக் காத்திருக்கவில்லை. மாறாக, கிஸ்தி நாள் உழவனைத் துரத்திற்று. ஈரம் காயுமுன்பே விற்றாகவேண்டும். ஊரெல்லாம் ஒரே நாளில் விற்றால் விலை எங்கே நிற்கும்? களஞ்சியம் கோட்டையிலிருந்து வணிகர் கிடங்குக்கு இடம் மாறிற்று. குடியானவன் வீட்டுக்கு வரவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மல்லாட்டை நம் பக்கத்துப் புன்செய்களில் பரவி, புதுச்சேரித் துறைமுகம் வழியாகப் பிரான்சின் மார்சேல் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்குக் கப்பலேறிற்று. உலகச் சந்தையோடு நம் மண் இணைந்தது. கிடங்கின் சாவி மட்டும் உழவன் கைக்கு எட்டவில்லை.

சாவி யாரிடம் என்பதன் பொருளை 1876–78 தாதுவருடப் பஞ்சம் எழுத்தெழுத்தாகக் கற்பித்தது. வட ஆர்க்காடும் அதில் வெந்த மாவட்டங்களில் ஒன்று. 1877இல் சென்னைக் கடற்கரையில் மலைபோல் அடுக்கப்பட்டிருந்த தானிய மூட்டைகளின் நிழற்படம் இன்றும் இருக்கிறது. மூட்டை இருந்தது, வாங்கப் பணம் இல்லை. அப்போது ரிச்சர்டு டெம்பிள் துரை, பஞ்ச நிவாரண வேலையில் நாளெல்லாம் கல்லுடைப்பவனுக்கு ஒரு இராத்தல் தானியமும் சிறிது காசும் போதுமென்று அளந்து கொடுத்தார். அளப்பதில் எவ்வளவு நுட்பம்! ஆடவல்லான் மரக்கால் தோற்றுப்போகும்!

விடுதலைக்குப் பின்னர்தான், களத்துக்கும் வாய்க்கும் இடையில் எவ்வளவு மறைகிறது என்பதை அரசு எண்ணத் தொடங்கிற்று. 1960களின் பிற்பகுதியில் புள்ளியியல் அறிஞர் பான்சே தலைமையிலான குழு தந்த கணக்கு இது: விளைந்த உணவுத் தானியத்தில் நூற்றுக்கு 9.33 பங்கு, அறுவடைக்குப் பின் அழிகிறது. கதிரடிப்பில் 1.68, ஏற்றி இறக்குவதில் 0.15, அரைவையில் 0.92, ஈரத்தால் 0.68, பறவைகளால் 0.85, வண்டு, அந்து முதலான பூச்சிகளால் 2.55, எலிகளால் 2.50. வாகனத்தின் கணக்கைக் காட்டுவோம் என்றோமே, இதுதான் அது. நாற்பது மூட்டைக்கு ஒரு மூட்டை! எந்தக் கோயிலுக்கும் இவ்வளவு ஒழுங்காக மகமை செலுத்தியவர் நாட்டில் உண்டா?

எலி என்றதும் இருளர் மக்களை நினைக்காமலிருக்க முடியவில்லை. அறுத்த வயலில் வளை தோண்டி, எலியைப் பிடித்து, அது சேர்த்துவைத்த நெற்கதிரையும் மீட்டெடுப்பவர்கள் அவர்கள். வளைக்குள் போன நெல்லை வெளியே கொண்டுவந்த ஒரே கூட்டம்! அவர்களை 'எலி பிடிப்பவர்' என்று எள்ளி ஒதுக்கிய சமுதாயம், எலியைக் கும்பிட்டது. இதைவிடத் தலைகீழான மதிப்பீட்டை வேறெங்கே காண்பது!

பான்சே குழு கணக்கெடுத்த காலம் எத்தகைய காலம்? உணவுப் பஞ்சம் நாட்டை உலுக்கிய காலம். 1965இல் இந்திய உணவுக் கழகம் பிறந்து, தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சையில் திறந்தது. 1967 தேர்தலில் அரிசியே அரசியலாயிற்று. அறிஞர் அண்ணா ஆட்சிப் பொறுப்பேற்று, ரூபாய்க்கு ஒரு படி அரிசித் திட்டத்தைச் சென்னையிலும் கோவையிலும் தொடங்கினார். அதே ஆண்டுதான், மழையில் நனைந்த குறுவை நெல்லைக் காப்பதற்கு வழி காணத் திருவாரூரில் சிறிய ஆய்வுக்கூடம் ஒன்று தோன்றிற்று; மைசூர் உணவு ஆய்வு நிலையத்தின் முதல் இயக்குநராயிருந்த வெ. சுப்பிரமணியன் அதன் மூலவர். பின்னர் தஞ்சையில் நெல் பதன ஆய்வு நிலையமாக வளர்ந்தது அதுவே. வெயில் முகம் காட்டாத நாளில், ஈரநெல்லோடு உப்பும் உமித்தூளும் கலந்து முளைப்பைத் தடுக்கும் எளிய முறை அங்கிருந்துதான் வந்தது. ஏழை வீட்டிலும் உப்பு உண்டு, உமி உண்டு. அறிவியல் இப்படிக் குடிசைக்குள் குனிந்து நுழையும்போதுதான் அதற்குப் பெருமை.

புழுக்கும் முறையை நாம் இங்கே மறந்துவிடலாகாது. வெயிலில் வெடித்த நெல்லை அப்படியே குத்தினால் பாதி நொய். ஊறவைத்து அவித்துக் காயவைத்தால் வெடிப்பு கூடி, அரிசி முழுதாக வரும். தவிட்டிலுள்ள உயிர்ச்சத்தும் உள்ளே இறங்கும். மலேயாவில் புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரிடையே பெரிபெரி நோய் அரிதாயிருந்ததையும், தீட்டிய பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளர் அதனால் மடிந்ததையும் கண்டு வெள்ளை மருத்துவர்கள் வியந்தனர். 1905இல் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் பிளெட்சர் என்பவர் சோதித்தும் பார்த்தார். பச்சரிசியே உயர்ந்தோர் உணவு என்று படையல் வைத்தோர் கவனத்திற்கு இது!

நெல்லைக் காட்டிலும் கவலை தருவது மல்லாட்டை. நெல் கெட்டால் நாற்றம் காட்டிக்கொடுக்கும். மல்லாட்டையில் ஏறும் நஞ்சு காட்டிக்கொடுக்காது. 1960இல் இங்கிலாந்தில் ஓர் இலட்சம் வான்கோழிகள் திடீரெனச் செத்து விழுந்தன. தேடிப் பார்த்தால், தீனியில் கலந்திருந்த மல்லாட்டைப் பிண்ணாக்கில் பூஞ்சணம். அது சுரந்த நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயரிட்டனர். ஈரலைத் தாக்கும், புற்றுநோய் விளைவிக்கும், வேகவைத்தாலும் அழியாது. வான்கோழி கதை என்று தள்ளிவிடவேண்டாம். 1974இல் இராசத்தான், குசராத்து எல்லையிலுள்ள பழங்குடி ஊர்களில், காலம் தப்பிய மழையில் நனைந்து பூத்த மக்காச்சோளத்தை வேறு வழியின்றி உண்ட மக்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கெட்ட தானியத்தைக் கொட்டிவிட வசதியுள்ளவன் கொட்டினான், இல்லாதவன் உண்டான். களத்தில் கருக்காய் பெற்றவனின் கதைதான் அங்கேயும்.

தடுக்கும் வழி எட்டாத மந்திரமன்று. பிடுங்கிய செடியை ஈரத்தோடு குவியலாகப் போடாதிருத்தல். காய் மேலே தெரியக் கவிழ்த்துப் பரப்புதல். மண்வெட்டி பட்ட காயைத் தனியே நீக்குதல். குலுக்கினால் பருப்பு கலகலவென ஒலிக்கும்வரை உலர்த்துதல். மண்தரையில் அடுக்காமல் கட்டைமீது மூட்டையை அடுக்குதல். இவ்வளவும் செய்ய வேண்டியவை மூன்று: உலர்ந்த தரை, நான்கு நாள் அவகாசம், மழை வந்தால் ஒதுங்க ஒரு கூரை.

இந்த மூன்றும்தான் இல்லை! முன்னாளில் கதிரை அரிவாளால் அறுத்து, வயலிலே காயவிட்டு, கட்டுக் கட்டி, போர் போட்டு, பிறகு அடித்தார்கள். நெல் களத்துக்கு வருமுன்பே ஈரத்தில் ஒரு பகுதி போய்விடும். இன்று அறுவடை இயந்திரம் ஒரு மணி நேரத்தில் ஓர் ஏக்கரை அறுத்து, அடித்து, நூற்றுக்கு இருபதுக்கு மேற்பட்ட ஈரத்தோடு நெல்லைக் கொட்டிவிட்டுப் போகிறது. இயந்திரத்தை நாம் வெறுப்பவரல்லோம். முதுகு முறிய வேலை செய்வதிலே அறம் எதுவுமில்லை. ஆனால், இயந்திரம் வந்த அளவுக்குக் களம் வளர்ந்திருக்கவேண்டும், களமோ சுருங்கிவிட்டது. புறம்போக்கிலிருந்த களத்துமேடுகள் பல ஊர்களில் மனைகளாயின, கட்டடங்களாயின. கோடை முடிந்து சொர்ணவாரி நெல் அறுப்புக்கு வரும்போது வானமும் இடிக்கத் தொடங்கிவிடும். இதுதான், தோழர்களே, கனவானைக் கோபப்படுத்திய நெடுஞ்சாலைக் களத்தின் வரலாறு!

சேமித்து வைக்கப் பதினான்கு விழுக்காட்டுக்கு மேல் ஈரம் ஆகாது; கொள்முதல் நிலையத்தில் பதினேழுக்கு மேலிருந்தால் வாங்குவதில்லை. விதி நியாயமானதே, ஈரநெல்லைக் கிடங்கில் அடைத்தால் கிடங்கே கெடும். 1972இல் தொடங்கிய நுகர்பொருள் வாணிபக் கழகமும் அதன் நேரடிக் கொள்முதல் நிலையங்களும் இடைத்தரகர் பிடியிலிருந்து எத்தனையோ குடும்பங்களைக் காத்தன என்பதை மறுப்பவரல்லோம் நாம். ஆயினும், முறை வரும்வரை நிலையத்து வாசலில் நெல்லைக் குவித்துக் காத்திருக்கிறான் உழவன். சாக்கு வரக் காத்திருக்கிறான். சரக்குந்து வரக் காத்திருக்கிறான். பெருமழைக் காலத்தில், ஈர அளவைத் தளர்த்தக் கோரி மாநில அரசு எழுத, ஒன்றிய அரசின் குழு வந்து, கண்டு, அள்ளிச் சோதித்து, தில்லிக்குத் திரும்பி, இருபதுவரை ஏற்கலாமென ஆணை வந்த ஆண்டுகள் உண்டு. ஆணை வருவதற்குள் அம்பாரத்தின் அடியில் முளை வந்திருக்கும். நவாபின் அளப்பவர் நம் நினைவுக்கு வருகிறாரா, இல்லையா?

1975இல் ஐக்கிய நாடுகள் அவை, பத்தாண்டுக்குள் இந்த இழப்பைப் பாதியாக்குவோம் என்று தீர்மானம் இயற்றிற்று. 1985 வந்தது, போயிற்று. 2022இல் வெளிவந்த இந்திய ஆய்வின்படி, தானியங்களில் இழப்பு பயிருக்குப் பயிர் 3.89 முதல் 5.92 விழுக்காடு. பான்சே காலத்தைவிடக் குறைவுதான், மகிழ்கிறோம். ஆனால், 2022–23இல் நாட்டின் அரிசி விளைச்சல் பதின்மூன்றரைக் கோடி டன்னைத் தாண்டியது. நூற்றுக்கு நான்கு என்றே வைத்தாலும் 54 இலட்சம் டன்!

இழப்பைக் குறைக்கப் புதுப்புதுக் கருவிகள் உண்டு. காற்றுப் புகாத மூவடுக்குப் பை உண்டு. நெல்லுக்குள் செருகி வண்டைப் பிடிக்கும் துளைக்குழாயைக் கோவை வேளாண் பல்கலைக்கழகத்தார் வகுத்தளித்திருக்கின்றனர். கிடங்கில் வைத்த விளைபொருளின் மதிப்பில் முக்கால் பங்குவரை ஒழுங்குமுறை விற்பனைக்கூடங்கள் பொருளீட்டுக் கடன் தருகின்றன. அறுவடை நாளில் அடிமாட்டு விலைக்கு விற்காமல் பொறுத்திருக்க அது துணை. கூட்டுறவுச் சங்கங்களில் கிடங்கு கட்டும் பெருந்திட்டத்துக்கு 2023 மே மாதத்தில் ஒன்றிய அரசு ஒப்புதல் தந்தது. நன்று. ஆனால், கிடங்குக்கு முந்தியது களம். காயாத நெல்லுக்குக் கிடங்கு காராக்கிருகம்தான்.

ஆகவே, ஊர்தோறும் இளைஞர் கேட்கவேண்டிய கேள்விகள் சில உண்டு. ஊராட்சியில் சிமெண்டு உலர்களம் எத்தனை? அது ஊரின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது — சேரியிலிருந்து நெல் சுமந்து வருகிறவனுக்கும் அங்கே முறை உண்டா? குத்தகைக்காரன் நெல்லை அங்கே கொட்டினால் எவர் தடுப்பர்? திருவிழாப் பந்தலுக்காக அறுவடை மாதத்தில் களத்தை அடைத்து வைத்தது யார்? கிராமசபையில் எழுந்து நின்று கேட்கலாம். சட்டம் அதற்கு இடம் தந்திருக்கிறது.

பள்ளியில் பாடம் சொல்லும் நாம் வகுப்பறையிலேயே செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. ஈரம் அளக்கும் கருவி கொள்முதல் நிலையத்தாரிடம் மட்டும்தான் இருக்கிறது. அவர் சொல்வதே எண். உழவன் வாய் திறப்பதில்லை. நன்றாகக் காய்ந்த கண்ணாடிப் புட்டி ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு நெல்லைப் போட்டு, வறுத்து ஆறிய உப்பு இரண்டு கரண்டி சேர்த்து, மூடி, ஒரு நிமிடம் குலுக்கிக் கால்மணி நேரம் வைக்கவேண்டும். உப்பு கண்ணாடியில் ஒட்டினால் ஈரம் பதினைந்துக்கு மேல். இன்னும் ஒரு வெயில் வேண்டும். ஒட்டாமல் அடியில் உதிர்ந்து கிடந்தால், மூட்டை கட்டலாம்.